எல்லாவற்றிலும் பாடம் காணும் யூதப் பாட்டி, இழவு வீட்டில் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை?

கேள்வி: குமரிமுனை

அனைவருக்கும் வணக்கம். நான் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். எருசலேமில் ஒரு யூத மூதாட்டியின் வீட்டோடு தங்கி அவரைப் பராமரிக்கும் வேலையில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். என் போன்றவர்களை இங்கே 'மெதபெலெத்' என்பார்கள். பாட்டி என்னை 'மகளே' என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரை 'சவ்தா' என்கிறேன். எபிரேயத்தில் அதற்குப் பாட்டி என்று பொருள்.

சவ்தாவுக்குக் கண்ணில் படுகிற எதிலிருந்தும் ஒரு பாடத்தை எடுத்துவிடும் வழக்கம் உண்டு. சமைப்பதற்கு முன்பு பருப்பை வெள்ளைத் துணியில் பரப்பி, பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அது இவர்களுடைய உணவு விதி. நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, "வாய்க்குள் போவதை இவ்வளவு சலிக்கிறோமே, வாயிலிருந்து வருவதை இன்று சலித்தோமா?" என்று கேட்பார். மருத்துவமனைக்குப் போகும் பேருந்து எங்கள் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டால், எனக்கு எரிச்சல் வரும், அவருக்கு ஒரு கருத்து வரும்.

வெள்ளிக்கிழமை மாலையில், இவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கப்போவதை அறிவிக்க, சூரியன் மறைவதற்கு 40 நிமிடம் முன்பு ஊர் முழுவதும் சங்கு (சைரன்) ஒலிக்கும். அதற்குள் விளக்கேற்றிவிட வேண்டும். மேசையில் இரண்டு பின்னல் ரொட்டிகளை வைத்து, பூவேலை செய்த துணியால் நான் மூடிவிட வேண்டும். முதல் ஆண்டில் ஒருமுறை மறந்துவிட்டேன். சவ்தா கோபிக்கவில்லை. வழக்கமாக எந்த உணவிலும் முதல் மரியாதை ரொட்டிக்கு உரியது என்றும், ஓய்வுநாள் இரவில் மட்டும் திராட்சரசத்தின்மேல் முதலில் ஆசி கூறுவதால், ரொட்டி அதைப் பார்த்து வெட்கப்படாமல் இருக்க மூடி வைக்கிறோம் என்றும் விளக்கினார். "உயிரில்லாத ரொட்டியின் மனம் நோகக்கூடாது என்று துணி போடுகிற நான், துணியை மறந்த உன்னைத் திட்டினால், இத்தனை ஆண்டுகள் எதை மூடினேன்?" என்றார்.

இவ்வளவு பேசுகிறவர் சென்ற மாதம் மேல்மாடி வீட்டில் ஒரு இளைஞர் விபத்தில் இறந்தபோது எதுவும் பேசவில்லை. அவர்களுடைய ஏழு நாள் துக்கத்தில் மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் அவரை அழைத்துச் சென்றேன். கதவு தாழிடாமல் இருந்தது, தாயும் தந்தையும் தரையை ஒட்டிய குட்டை நாற்காலிகளில் இருந்தார்கள். சவ்தா ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அப்படியே அமர்ந்திருந்தார். அந்தத் தாய் ஏதோ சொன்னபோது பதில் சொன்னார். கிளம்பும்போது எல்லாரும் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியத்தை, அதாவது சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துயருறும் ஏனையோரோடு இறைவன் உங்களையும் தேற்றுவாராக என்பதை, மெல்லச் சொன்னார். வீட்டுக்கு வந்தபின், "இதில் என்ன பாடம் சவ்தா?" என்று கேட்டேன். "அது என் வேலை இல்லை" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

நான் கேட்க வருவது இதுதான். அன்றாட நிகழ்வுகளில் பாடம் காண்பது இவருடைய தனிப்பட்ட குணமா, யூத சமய மரபா? மரபு என்றால், அது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறதா? என் அப்பா இறந்தபோது வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்லிச் சென்றார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் யாரோ என் வாயைப் பொத்துவது போல் இருந்தது. அதனால்தான் சவ்தாவின் மௌனம் இன்னும் என் மனத்தில் நிற்கிறது.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

அம்மா, உங்கள் கேள்வியின் இரண்டு பகுதிகளும் ஒரே நூலின் இரு முனைகள். கல்லூரியில் சமய ஒப்பாய்வு படித்தவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், இது சவ்தாவின் குணம் மட்டும் அன்று, மரபும்தான். "யார் அறிவாளி? எல்லா மனிதரிடமிருந்தும் கற்றுக்கொள்பவன்" என்பது பென் சோமா என்ற பழைய அறிஞரின் வாக்கு. அவருக்குப் பின்வந்த ரபி (அதாவது சமய ஆசான்) யோகனான் ஒரு படி மேலே போகிறார். தோரா என்னும் யூத வேதம் அருளப்படாமல் போயிருந்தாலும் அடக்கத்தைப் பூனையிடமும், பிறர் பொருளைத் தொடாமையை எறும்பிடமும், கற்பைப் புறாவிடமும் கற்றிருப்போம் என்று அவர் சொன்னதாக, பழைய அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் என்னும் நூல் பதிவு செய்கிறது. 18ஆம் நூற்றாண்டில், இன்றைய உக்ரைன் பகுதியில், பால் ஷெம் தோவ் என்று அழைக்கப்பட்டவரும் (அவர் 1760இல் மறைந்தார்) அவர் வழிவந்த ஹசிதியர்களும் இதை வாழ்க்கைமுறையாகவே ஆக்கினார்கள். கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் ஒருவனுக்குக் காரணமின்றிக் காட்டப்படுவதில்லை, இறைவனுக்குத் தொண்டு செய்வதில் அவனுக்கு அது ஏதோ ஒன்றைச் சொல்ல வருகிறது என்பது அவர்களுடைய அடிப்படை.

உங்கள் பேருந்துக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் அங்கே இருக்கிறார். சாதிகுரா என்ற ஊரில் வாழ்ந்த ரபி ஆபிரகாம் யாக்கோபு (1820–1883), மனிதன் செய்த பொருள்களிலும் பாடம் உண்டு என்று ஒருநாள் சொன்னாராம். அப்போதுதான் புதிதாக வந்திருந்த சாதனங்களை வைத்து அவரை மடக்கிவிடலாம் என்று நினைத்த ஒருவர், "ரயிலிலிருந்து என்ன கற்பது?" என்றார். ஒரு நொடி பிந்தினால் எல்லாம் போய்விடும் என்பதை. "தந்தியிலிருந்து?" ஒவ்வொரு சொல்லும் எண்ணப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு என்பதை. "தொலைபேசியிலிருந்து?" இங்கே பேசுவது அங்கே கேட்கிறது என்பதை.

இந்த அழகான துணுக்குகள் மட்டும்தான் மரபு என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையான வேலை அன்றாட ஆசியுரைகளில் நடக்கிறது. ஒரு நாளைக்கு நூறு ஆசியுரைகள் சொல்ல வேண்டும் என்பது ரபி மெயிரின் கணக்கு. ரொட்டிக்கு ஒன்று, மரத்தில் காய்த்த கனிக்கு ஒன்று, மண்ணில் விளைந்த காய்க்கு இன்னொன்று, இடிக்கு ஒன்று, வானவில்லுக்கு ஒன்று. கழிவறையிலிருந்து வெளியே வந்து கை கழுவியபின் சொல்வதற்கும் ஒன்று உண்டு. அதை நீங்கள் ஒரு நாளில் பல தடவை கேட்டிருப்பீர்கள். அபயே என்ற அறிஞரின் பெயரில் தல்மூதில் இருக்கும் அந்த உரை, மனித உடலில் துளைகளையும் குழாய்களையும் ஞானத்தோடு அமைத்தவரைப் போற்றி, அவற்றில் ஒன்று திறக்கக்கூடாதபோது திறந்தாலோ, அடைபடக்கூடாதபோது அடைபட்டாலோ நாங்கள் உம்முன் நிற்க இயலாதே என்று சொல்கிறது. முதியவர்களைப் பராமரிப்பவர்களுக்கு இதில் உரை தேவைப்படாது. இங்கே பாடத்தைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் எதுவும் கேட்கப்படுவதில்லை. ஒரு நொடி நின்று, நடந்ததைக் கவனித்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போகச் சொல்கிறது, அவ்வளவுதான். சவ்தாவின் ரொட்டித் துணியும் இந்த வகைதான்: முதலில் கை ஒரு செயலைச் செய்கிறது, அதற்கான கருத்து பிறகு வந்து சேர்கிறது.

இனி அந்த மௌனம். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசும்வரை ஒரு சொல்லும் பேசக்கூடாது என்பது தல்மூதில் உள்ள விதி. அந்த விதி எங்கிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த யோபுவின் நூலிலிருந்துதான். யோபுவின் நண்பர்கள் மூவர் வந்து, அவன் துயரம் மிகப் பெரிது என்று கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். யோபு வாய் திறந்தபிறகுதான் அவர்கள் வாய் திறந்தார்கள். அதுவரை அவர்கள் செய்ததெல்லாம் சரி. பேசத் தொடங்கியதும்தான் கெட்டது. "குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?" என்று எலிப்பாஸ் கேட்கிறான். தல்மூதின் இன்னொரு பகுதி, சொல்லால் ஒருவரைக் காயப்படுத்துவது எவை எவை என்று பட்டியலிடும்போது, நோயாலும் பிள்ளைகளைப் புதைத்ததாலும் வாடும் ஒருவரிடம் யோபுவின் நண்பர்களைப் போலப் பேசாதே என்று இதே வரியை எடுத்துக்காட்டித் தடை செய்கிறது. ஆக, ஒரே மூன்று பேரிடமிருந்து எப்படி ஆறுதல் சொல்வது என்பதையும் எப்படிச் சொல்லக்கூடாது என்பதையும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அதேசமயம், துன்பம் தனக்கு வரும்போது ஒருவன் தன் செயல்களை ஆராய்ந்து பார்க்கட்டும் என்றும் தல்மூத் சொல்கிறது. தன் துன்பத்தில் தான் பாடம் தேடலாம்; அடுத்தவர் துன்பத்தில் அவருக்காகத் தேடித் தரக்கூடாது. சவ்தா "அது என் வேலை இல்லை" என்றதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் அப்பாவின் மறைவில் நீங்கள் கேட்ட வசனத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது யோபு தன் பிள்ளைகளை இழந்தபோது தானே சொன்னது. பார்க்க வந்தவர்கள் சொன்னதில்லை. அவன் வாயில் அது வேண்டுதல். வந்தவர் வாயில் போனால் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. உங்கள் வாயைப் பொத்துவது போல் இருந்ததில் வியப்பில்லை, உங்களுக்கு உரிய வரியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ரபி கிய்யா நோயுற்றுக் கிடந்தபோது ரபி யோகனான் பார்க்கப் போனார். "இந்தத் துன்பங்கள் உனக்கு உவப்பானவையா?" என்று கேட்டார். "துன்பமும் வேண்டாம், அதற்கான பலனும் வேண்டாம்" என்றார் அவர். "கையைக் கொடு" என்று யோகனான் சொல்லி, கை நீட்டியவரைத் தூக்கி எழுப்பினார். பிறகு யோகனானே நோயுற்றபோது ரபி ஹனினா வந்தார், அதே கேள்வி, அதே பதில், அதே கை. யோகனான் தன்னைத்தானே எழுப்பிக்கொண்டிருக்கலாமே என்று தல்மூத் கேட்டு, சிறைப்பட்டவன் தன்னைத்தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது என்று பதில் தருகிறது. பூனையிடமும் எறும்பிடமும் பாடம் கேட்ட அதே யோகனான்தான் இவர் என்பதைக் கவனியுங்கள்.

மறுமொழி: வடலண்டன்

நான் சமயம் படித்தவன் அல்லன். லண்டனில் யூதர்கள் நிறைய வாழும் பகுதியில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். ஓய்வுநாளில் வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கிச் செல்லக்கூடாது, குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளவும் கூடாது என்பது இவர்கள் விதி. அதற்காகக் கம்பங்களும் மெல்லிய கம்பிகளும் கொண்டு ஒரு பரப்பைச் சுற்றி எல்லை வகுத்து, அதற்குள் அனைவருக்கும் ஒரே வளாகம் என்று கொள்கிறார்கள். 'எருவ்' என்று பெயர். எங்கள் வடமேற்குப் பகுதியில் நீண்ட கால வாக்குவாதங்களுக்குப் பிறகு 2003இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வாரமும் ஓய்வுநாளுக்கு முன்பு கம்பி அறுந்திருக்கிறதா என்று ஒருவர் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். அறுந்திருந்தால் இளம் தாய்மார்கள் வீட்டோடு இருந்துவிட வேண்டியதுதான்.

என் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதன் தத்துவம் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அயலாரோடு உணவைப் பொதுவாக்கிக்கொண்டால்தான் அந்தப் பரப்பு ஒரே வீடாகும் என்றும், அதற்காக எல்லார் பெயராலும் ஓர் உணவு எடுத்து வைக்கப்படுகிறது என்றும் சொன்னார். கம்பி மட்டும் போதாதாம். நான் அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பிகளை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினேன்.

துக்க வீட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் அவர் சொன்ன மற்றொன்றையும் குறிப்பிடுகிறேன். பழங்காலத்தில் துக்க வீட்டில் செல்வர்களுக்கு வெள்ளைக் கண்ணாடிக் குவளையிலும் ஏழைகளுக்கு மலிவான நிறக் கண்ணாடியிலும் பானம் கொடுப்பார்களாம். ஏழைகள் கூசியதால், இனி எல்லாருக்கும் நிறக் கண்ணாடியே என்று விதித்துவிட்டார்கள். அடக்கச் செலவும் அப்படித்தான் ஏறிக்கொண்டே போய், பிணத்தைப் போட்டுவிட்டு உறவினர்கள் ஓடிப்போகும் நிலை வந்தது. ரபன் கமாலியேல் என்ற பெருந்தலைவர் தன்னை எளிய நாருடையில் அடக்கம் செய்யச் சொன்னபிறகுதான் எல்லாரும் அதைப் பின்பற்றினார்கள். ஒரு சமூக நிகழ்வில் யாரோ ஒருவர் கூசிக் குறுகியதைக் கவனித்து, அதைச் சொற்பொழிவாக்காமல் குவளையை மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மறுமொழி: கேள்விக்குறி

மேலே இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் இந்தப் பாடம் காணும் பழக்கத்தின் மீது எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதைப் பதிவு செய்துவிடுகிறேன். திறமையுள்ள ஒருவர் எதிலிருந்தும் எந்தப் பாடத்தையும் எடுத்துவிடலாம். மெசெரிச் ஊரின் போதகர் (1772இல் மறைந்தவர்) திருடனிடமிருந்தே ஏழு பாடங்கள் எடுத்ததாகச் சொல்வார்கள்: இரவில் உழைக்கிறான், இன்று கைகூடாவிட்டால் நாளை மறுபடி முயல்கிறான், உடன் திருடுகிறவர்களை நேசிக்கிறான், அடி விழுந்தாலும் தாங்கிக்கொள்கிறான் என்று பட்டியல் போகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. பொருளைப் பறிகொடுத்தவரிடம் போய்ச் சொன்னால் இனிமையாக இருக்குமா?

தனி மனிதரின் இழப்பில் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது தெளிவாகிவிட்டது. ஊருக்கே ஒரு பேரிடர் வந்தால் என்ன செய்வது? அங்கே மைமோனிடிஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் (1204இல் மறைந்தவர்) வேறு குரலில் பேசுகிறார். பொதுத் துன்பம் வரும்போது மக்கள் கூடி மன்றாடித் தங்கள் வழிகளை ஆராய வேண்டும், "இது உலக வழக்கம், தற்செயலாக நடந்தது" என்று விட்டுவிடுவது கொடுமையான போக்கு என்கிறார். இந்த வாசலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும் போதகர்கள் எல்லாச் சமயங்களிலும் இருக்கிறார்கள். வெள்ளம் வந்தாலும் போர் வந்தாலும் அவர்கள் காட்டும் பாவம் எப்போதும் தங்களுக்குப் பிடிக்காத வேறு யாரோ செய்ததாகவே இருக்கும். மைமோனிடிஸ் சொன்னது தன் ஊர் தன் செயலைப் பார்ப்பதைப் பற்றி. அடுத்த தெருக்காரனின் செயலைப் பார்ப்பதற்கு அதில் இடமில்லை.

இதற்குத் தல்மூதிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை ரோமர் எரித்தார்கள். யூத அறிஞர்கள் ரோமரின் படைபலத்தைக் காரணமாகக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் சொல்லும் கதை ஒரு விருந்தில் தொடங்குகிறது. ஒருவர் தன் நண்பன் காம்சாவை விருந்துக்கு அழைத்துவரச் சொன்னார். வேலைக்காரன் தவறுதலாக அவருடைய பகைவன் பார் காம்சாவை அழைத்துவந்துவிட்டான். எழுந்து போ என்றார் வீட்டுக்காரர். வந்துவிட்டேன், அவமானப்படுத்தாதே, நான் உண்பதற்கும் குடிப்பதற்கும் விலை தருகிறேன் என்றார் அவர். முடியாது. பாதி விருந்தின் செலவைத் தருகிறேன். முடியாது. முழுச் செலவையும் தருகிறேன். கையைப் பிடித்து எழுப்பி வெளியே தள்ளினார்கள். அவமானப்பட்டவர் ரோமரிடம் போய்க் கோள் சொன்னார், அதிலிருந்து அழிவு தொடங்கியது என்பது கதை.

இதில் என்னை உலுக்குவது வீட்டுக்காரரின் கொடுமை அன்று. அந்த விருந்தில் அறிஞர்களும் அமர்ந்திருந்தார்கள், தடுக்கவில்லை என்று கதை வெளிப்படையாகச் சொல்கிறது. கதையைச் சொன்னவர்களும் அறிஞர்களே. குற்றத்தில் ஒரு பங்கைத் தங்கள் மரபினரின் மடியிலேயே வைத்திருக்கிறார்கள். இந்த அளவு நேர்மை இருந்தால் பொது நிகழ்வில் பாடம் தேடுவதை நானும் ஆட்சேபிக்க மாட்டேன்.

மறுமொழி: குமரிமுனை

மூவருக்கும் நன்றி. யோபுவின் நூலை நான் சிறுவயது முதல் படித்திருக்கிறேன். அந்த வசனம் யார் வாயிலிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நேற்று இரவு தமிழ் வேதாகமத்தை எடுத்து முதல் மூன்று அதிகாரங்களையும் மறுபடி வாசித்தேன்.

ஏட்டுச்சுவடி ஐயா எழுதிய இரண்டு ரபிகளின் கதையை, எனக்குத் தெரிந்த எபிரேயத்தில் தட்டுத்தடுமாறி சவ்தாவிடம் சொன்னேன். பாதியிலேயே புரிந்துகொண்டு, மீதியை அவரே சொல்லி முடித்தார். பிறகு, யோகனான் தன் பத்தாவது பிள்ளையின் எலும்பு ஒன்றைக் கையோடு வைத்திருந்தார் என்றும், துக்கத்தில் இருப்பவர்களிடம் அதைக் காட்டுவார் என்றும் சொன்னார். பத்துப் பேரைப் புதைத்தவருக்குக்கூட எலும்பைக் காட்டத்தான் முடிந்தது, விளக்கம் சொல்ல முடியவில்லை என்று அவர் சொன்னபோது, அவருக்கும் புதைத்த பிள்ளை உண்டோ என்று எனக்குத் தோன்றியது. மூன்று ஆண்டுகளாக அலமாரியில் ஒரு சிறுவனின் படத்தைத் துடைத்து வைக்கிறேன். கேட்கவில்லை. அவராகப் பேசினால் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்விக்குறி அவர்களுக்கு ஒரு செய்தி. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்க வெள்ளிக்கிழமையே மின்தகட்டை இயக்கிவிடுவோம். இந்த வாரம் அதை இயக்கியதும் படீரென்று வெடித்து, வீடு முழுவதும் மின்சாரம் போய்விட்டது. சங்கு ஒலிக்க இரண்டு மணி நேரம்தான் இருந்தது. சவ்தாவின் முகத்தைப் பார்த்து, "இதில் என்ன பாடம்?" என்றேன்.

"பழைய தகட்டை மகன் போன வருடமே மாற்றச் சொன்னான். நீ போய்க் கீழ்வீட்டுக்காரரிடம் வேறொன்று இருக்கிறதா என்று கேள், சீக்கிரம்" என்றார்.